மைக் பட்டனும் செமிகோலனும்

கப்பல் ஏஜென்சி ஆபீஸில் நாம் எழுதும் இங்கிலீஷை யாரும் படிப்பதில்லை, கேட்கிறார்கள். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குச் செய்தி எழுதுவது என் வேலை. அதை வயர்லெஸ் மைக்கில் வாசிப்பவர் திரேஸ்புரம் ஸ்டீபன் அண்ணன். நானே வாசிக்கலாம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் இங்கிலீஷில் வாய் திறந்தால் எனக்கு நாக்குக் குழறிவிடும். இங்கிலீஷ் எழுதிச் சம்பளம் வாங்கும் உங்களில் பலருக்கும் இந்த வியாதி இருக்கும்.

திரும்பி வந்த படகு

சேர்ந்த புதிதில் எழுதினேன்: Water boat is coming, tomorrow vegetables will follow. தண்ணீர் இன்று, காய்கறி நாளை என்று பொருள். இரண்டு முழு வாக்கியங்களை ஒரு கமாவால் ஒட்டியிருந்தேன். அண்ணன் கமாவுக்கு நிற்கிற ஆள் இல்லை. ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். coming tomorrow என்று சேர்ந்து கேட்க, தண்ணீரே நாளைக்குத்தான் என்று கப்பலில் எடுத்துக்கொண்டார்கள். படகு போய்ச் சேர்ந்தபோது குழாய் பிடிக்க ஆளில்லாமல் அப்படியே திரும்பியது.

மேனேஜர் பர்னாந்து சார் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆறு மாசம் பார்ப்போம்னுதான் உன்னை எடுத்திருக்கு. இன்னொரு படகு இப்படித் திரும்பி வந்தா, நீயும் உங்க ஊரு நாசரேத்துக்குத் திரும்பிர வேண்டியதுதான், தாயி."

நின்று நின்று

அதன்பிறகு கமா இருந்த இடத்திலெல்லாம் முழுப்புள்ளி வைத்தேன். படகு தயார். நீல நிறம். மூன்று மணிக்கு வரும். கிரேனைத் தயாராக வையுங்கள்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். முழுப்புள்ளி வந்தால் மைக் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடுவார். அழுத்தியிருக்கும்வரை நாம் பேசலாம், விட்டால்தான் அவர்கள் பேச முடியும். கப்பலிலிருந்து 'சரி' என்று பதில் வந்தால்தான் அடுத்த வரி. நாலு வரிச் செய்தி முடியவே இல்லை. அதே சேனலில் காத்திருந்த இழுவைக் கப்பல்காரர் ஒருவர் பொறுமை இழந்து குறுக்கே வந்தார்: "ஏலே ஸ்டீபனு, செய்தி சொல்லுதியா, ஜெபமாலை சொல்லுதியா?"

ஏணிக்குப் பக்கத்தில்

அன்று மத்தியானம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கப்பலில் சமையல்காரருக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர எங்கள் படகு கிளம்பிவிட்டது. அந்த அலையில் படகைக் கப்பலோடு கட்டுவதற்கு முன்பே அவரை இறக்கினால், மனுஷன் கடலில்தான் விழுவார்.

முழுப்புள்ளி வைத்தால் அண்ணன் பட்டனை விடுவார். ஏணிக்குக் கொண்டுவாருங்கள் என்றதுமே அவர்கள் ஆளைத் தூக்க ஓடிவிட்டால் மீதியைக் கேட்க யார் இருப்பார்கள்? கமா வைத்தால் நடந்ததுதான் தெரியுமே. இரண்டும் தனியாக நிற்கக்கூடிய வாக்கியங்கள், ஆனால் பிரியக்கூடாதவை. எழுதினேன்: Bring the patient to the ladder; do not lower him until our boat is tied.

காகிதத்தை வாங்கிய அண்ணன் அந்தக் குறியில் விரலை வைத்தார். "இது என்ன தங்கச்சி, இதுக்கு விடணுமா, புடிக்கணுமா?"

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்: "மூச்சு வாங்கிக்கிடுங்கண்ணே. பட்டன்லருந்து கையை எடுக்காதீங்க."

வாசித்தார். ஒரு மூச்சு. பிறகு மறுபாதி. வெறும் இரைச்சல்தான் வந்தது. கொஞ்சம் கழித்துக் கேப்டனின் குரல், கட்டும்வரை ஏணியருகே காத்திருப்பதாக. படகுக்காரர் போன் செய்யும்வரை ஆபீஸில் யாரும் உட்காரவில்லை. படகைக் கட்டி, ஆளைப் பத்திரமாக இறக்கியாயிற்று என்றார்.

பர்னாந்து சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு எட்டரைக்கே வந்துரு தாயி, ரெண்டு கப்பல் வருது."

இப்போதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து செமிகோலன் வைத்தாலும் ஒரு மூச்சு வாங்கிக்கொள்கிறேன். இல்லாத மைக் பட்டனிலிருந்து கட்டைவிரலை மட்டும் எடுப்பதில்லை.