ஜைனுதீன் நானாவின் நிஜ வாக்கு

மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பியோனாக இருந்த ஜைனுதீன் நானாவைப் போலக் கள்ள வாக்குப் போட்டவர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. அத்தனையையும் அரசாங்கச் செலவில், மேலதிகாரி சபாரத்தினம் ஐயாவின் கண்முன்னாலேயே போட்டார்.

தேர்தல் வந்தால் ஆசிரியர்களையும் கிளாக்கர்மாரையும் கூட்டிவைத்து ஐயா வாக்குச்சாவடிப் பயிற்சி வகுப்பு நடத்துவார். வகுப்புக்கு ஒரு தொல்லைபிடித்த வாக்காளர் வேண்டுமே! நானா கண் தெரியாதவராக வருவார். வாக்குச்சீட்டை இடுப்புச் சாரத்தில் செருகிக்கொண்டு நழுவப் பார்ப்பார். கள்ளை மோந்துகூடப் பார்க்காத மனுசன், வெறிகாரனாக அப்படித் தள்ளாடுவார்!

அறுபத்தைந்தாம் ஆண்டு வகுப்பில் அகப்பட்டவர் சந்திரகாந்தா டீச்சர். இறந்துவிட்டதாக வாக்காளர் இடாப்பில் குறித்திருந்த சாலிஹ் என்பவரின் பெயரைச் சொல்லி நானா வந்து நிற்க, டீச்சர் சிரித்த முகத்தோடு சீட்டைக் கொடுத்துவிட்டார். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"எலெக்சன் அண்டைக்கும் சோதிக்க ஆள் அனுப்புவன், கவனமா இருங்கோ!" என்று ஐயா வெருட்டினார். டீச்சரின் முகம் கறுத்துப்போனது.

நானாவின் மனக்குறை வேறு. ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குப் பெட்டியோடு தூரத்து லக்கலப் பக்கம் அனுப்பிவிடுவதால், சொந்த வாக்கை அவர் ஒருமுறைகூடப் போட்டதில்லை. அந்த வகுப்போடு ஓய்வு பெற்றுவிட்டார். தேர்தலன்று பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, மனைவி ஸரீனாவோடு அலுவிகாரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

மேசைக்குப் பின்னால் சந்திரகாந்தா டீச்சர்!

"பேரு?"

"என்ன டீச்சர், என்னைத் தெரியாதா? ஜைனுதீன்."

"நல்லாத் தெரியும் நானா. ஐயாதானே அனுப்பினாரு? ஒருக்கா ஏமாந்தது போதும்."

"அல்லா மேல சத்தியமா, இது என்ட சொந்த வோட்டு!" நானாவின் குரல் உடைந்து, கண் கலங்கிவிட்டது.

"வகுப்புல நடிச்சதைவிட இது நல்லா இருக்கு," என்றார் டீச்சர்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டீச்சர் மேல் கோபம்தான். ஆனாலும் அவர் இடத்தில் நானிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். கடைசியில் பெண்கள் வரிசையில் நின்ற ஸரீனாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நடிக்கப் போற நாளுன்னா முந்தின ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குவாரு டீச்சர்," என்றார் ஸரீனா. "நேத்து விடியும்வரைக்கும் நித்திரையில்ல. சட்டைய எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பாவம், குடுத்துருங்க."

டீச்சர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மறைப்புக்குள் போனவர் லேசில் வெளியே வரவில்லை. வரிசை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது.

வீதியில் இறங்கியதும் ஸரீனா கேட்டார். "யாருக்குப் போட்டீங்க?"

"அதச் சொல்லக்கூடாது."

"பொய் வோட்டெல்லாம் போட்டுட்டு வந்து வீட்டுல எனக்கு நடிச்சுக் காட்டினீங்க. உண்மையா ஒண்ணு போட்டிருக்கீங்க, அத மட்டும் சொல்லமாட்டீங்களா?"

நானா சொல்லவில்லை. மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை சொல்லவில்லை. அதற்காக ஸரீனா ராத்தா இன்றைக்கும் அவரை ஏசுவார். ஏசி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.