ஆய்வு என்றால் எந்த ஆய்வு

என் அக்கா வீட்டுக்காரரைப் பவுண்டரியில் எல்லோரும் 'விரிசல்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றுகிற இடம் அது. வெடித்துப்போன வார்ப்புகளைத் திரும்ப உலையில் போடுமுன் விரிசலின் விதத்துக்கு ஒன்றாக எடுத்துப் பின்பக்கக் கொட்டகையில் வைக்க வேண்டும் என்பது பழைய முதலாளியின் உத்தரவு. பார்க்கிறவர்களுக்கு வெட்கம் வரட்டும் என்று நினைத்தாராம். முப்பது வருடமாகக் கொட்டகைச் சாவி மாமாவிடம்தான் இருக்கிறது.

பழைய முதலாளியின் மகன்தான் இப்போதைய முதலாளி. போன வருடம் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று கட்டிக் கொடுத்தார். கூடவே மாணவர் பரிமாற்றமாம்: வருடத்துக்கு ஒருவர் இங்கிருந்து வெளிநாடு போவார், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார், எல்லாம் இவர் செலவு. உலைப் பக்கம் ஒரு மின்விசிறி கேட்டால் காது கேட்காத மனிதருக்கு இந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்று வரை புரியவில்லை. நல்லது செய்கிறவர்மேல் எரிச்சல் வருவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தது.

"பழசக் குடுத்துப் புதுசு வாங்குற மாதிரியா மாப்ள?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா. போனவங்க திரும்பி வந்துருவாங்க."

"அப்ப எதுக்குப் போகணும்?"

எனக்கு என்ன தெரியும், நான் ஆபீசில் தட்டச்சு அடிக்கிறவன். அந்த வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யவில்லை. திங்கட்கிழமை முதலாளி போனில் அவசரமாகச் சொன்னதைக் கேட்டு ஓர் அறிவிப்பு அடித்து ஒட்டினேன்: 'வியாழன் காலை பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். கொட்டகை தயாராக இருக்க வேண்டும்.' ஆராய்ச்சி என்று அடித்திருக்கலாம். ஆய்வு என்பது சின்னச் சொல், வரியில் அடங்கியது. ஆனால் பவுண்டரியில் ஆய்வு என்றால் அதிகாரிகள் வந்து குறை எழுதிக்கொண்டு போவது. போன தடவை கொட்டகையைப் பார்த்து அவர்கள் எழுதியதற்கு முதலாளி மாமாவை வறுத்து எடுத்திருந்தார்.

வியாழன் காலை ஒரு பேராசிரியரும், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மாணவியும் வந்தார்கள். அவள் கையில் பஞ்சு வைத்த காலிப் பெட்டி. மாமா சலவைச் சட்டையில் நின்று கொட்டகையைத் திறந்துவிட்டார். பெருக்கி, கழுவி, பளிச்சென்று இருந்தது.

"துண்டெல்லாம் எங்கங்க?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நேத்தே உலைல போட்டாச்சு சார். ஒண்ணுகூடக் கிடையாது." மாமா குரலில் பெருமை.

பேராசிரியர் மாணவியைக் காட்டினார். "இரும்பு ஏன் வெடிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணத்தான் இந்தப் பொண்ணு வந்திருக்கு. உங்க முதலாளி இந்தத் துண்டுகளத்தான் தர்றதாச் சொன்னாரு. இல்லன்னா இவங்க திரும்பிப் போக வேண்டியதுதான்."

அந்தப் பெண்ணுக்கு நம் பேச்சு புரியாது. ஆனால் காலித் தரை புரிந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமா என்னைப் பார்த்தார். "ஆய்வுன்னுதான மாப்ள போட்டிருந்த?"

"ஆமா மாமா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். அரைமணி கழித்து, பின்னால் ஒரு சின்ன இரும்புக் கப்பியைக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்த கப்பிதான். அக்கா வீட்டில் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கும். அதில் கால் இடித்துக்கொள்ளாதவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. பழைய இரும்புக் கடையில் வாங்கினேன் என்று சொல்லி வைத்திருந்தார்.

"இது இங்க வார்த்ததுதான்" என்று அந்தப் பெண் முன்னால் வைத்தார். "நான் வேலைக்குச் சேந்து எட்டாவது நாள். சூடு ஆறுறதுக்குள்ள அச்ச ஒடச்சு வெளிய எடுத்துட்டேன். பட்டுன்னு வெடிச்சிருச்சு. வேலை போயிரும்னு பயந்து சாப்பாட்டுப் பையில வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். ஒரு கப்பி குறையுதுன்னு உலைக்காரர்தான் திட்டு வாங்கினாரு. அவர் போய்ச் சேந்துட்டாரு. அவர்கிட்டச் சொல்லவே இல்ல."

பேராசிரியர் மொழிபெயர்த்தார். அவள் எழுந்து, விரிசல்மேல் விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று ஏதோ பேசினாள்.

"மத்த துண்டெல்லாம் இருந்திருந்தாலும் எதுக்குமே காரணம் தெரியாதாம். எப்படி வெடிச்சதுன்னு தெரிஞ்சது இது ஒண்ணுதானாம். இத வச்சே ஆரம்பிக்கலாங்குறாங்க. அப்ப இவங்க இங்கயே இருக்கலாம்."

துண்டோடு கட்ட என்னிடம் ஒரு சீட்டு கொடுத்தாள். தேதியை மாமா யோசிக்காமல் சொன்னார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ன எழுதட்டும் மாமா?"

"அவசரப்பட்டுட்டேன்னு எழுது."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கழுவிய தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு சீட்டு வாங்கு மாப்ள. அதையே எழுதிக் கொட்டகைக் கதவுலயும் ஒட்டிரு."

ஒட்டினேன். அதில் அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் ஒன்று போட்டேன்.