நாலாம் பாகத்தில் தொலையாத தாள்

என் மேசை இழுப்பறையில் ஒரு மாத நாவலின் கடைசிக் கால்பகுதி கிடக்கிறது. அட்டை இல்லை, முன்பக்கங்கள் இல்லை. பின் குத்திய ஓட்டைகளைச் சுற்றித் துரு படிந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவில் கோணல்மாணலாகச் சில வரிகள். அவை ஆஸ்பத்திரி அக்கா எழுதியவை. அச்சில் இருக்கும் கதை நான் எழுதியது. அதற்காக நான் வாங்கிய வசவை அடுக்கினால் தாம்பரத்தில் தொடங்கி பீச் ஸ்டேஷன் வரைக்கும் போகும்.

எண்பதுகளில் நான் செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்துக்கு டைப் அடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். லேடீஸ் பெட்டியில் நாங்கள் நாலு பேர்: பேங்க் மேடம், டீச்சர், ஆஸ்பத்திரி அக்கா, நான். மாதம் பிறந்ததும் ஸ்டேஷன் கடையில் ஒரே ஒரு நாவல் வாங்குவோம். பின்னைப் பிடுங்கி, நாலாகப் பிரித்து, ஆளுக்கொரு பாகம் படித்து, மறுநாள் மாற்றிக்கொள்வோம். கொலைகாரன் யாரென்று முதலில் தெரிந்துகொண்டு அப்புறமாகக் கொலையைப் படிக்கிற கூத்தெல்லாம் நடக்கும். அக்கா நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. எட்டாவதோடு நின்றவர், ஆனால் எங்கள் நாலு பேரில் அவர்தான் வேகமாகப் படிப்பார்.

நான் ஓர் ஆண் பெயரில் கதை எழுதுகிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. என் வீட்டிலும் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மருமகள் காதல் கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் என் மாமனார் பேனாவை ஒடித்து அடுப்பில் போட்டிருப்பார். அப்படியிருக்க ஒரு மாதம் கடையில் என் நாவலே தொங்கியது. பேங்க் மேடம் அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கதை இதுதான். ஒருத்தி ஒருவனை உயிராக நேசிக்கிறாள். முதல் மனைவியைக் கொன்றவன் அவன் என்று ஊர் சொல்கிறது. இல்லை என்று அவன் சொல்கிறான். ஒரு நாள் காணாமல் போகிறான், பிறகு ஒரு மழைப் பகலில் திரும்பி வந்து அவள் கதவைத் தட்டுகிறான். அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அவ்வளவுதான். 'முற்றும்' கூடப் போடக் கூடாது என்று பத்திரிகை ஆசிரியரிடம் சண்டை போட்டிருந்தேன். கடைசிப் பக்கம் கடைசி வரி வரைக்கும் நிரம்பி அங்கேயே நின்றுவிட்டது.

அதுதான் வினையாகிப் போயிற்று. நாலாம் பாகத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்கு எடுத்துப் போனவர் அக்கா. திங்களன்று பேங்க் மேடம் அதைப் புரட்டிவிட்டு, "கடைசி ஷீட் எங்க? முற்றும்கூட இல்லையே! கிழிச்சு எதையாவது மடிச்சிட்டியா?" என்றார்.

"அய்ய, நான் இன்னாத்துக்கு மேடம் கிழிக்கப் போறேன்? அம்மாந்தான் இருந்திச்சு."

"இனிமே உனக்கு மொத பாகம் மட்டும்தான்" என்று தீர்ப்பு வந்தது. சரிபார்க்கக் கடையில் வேறு பிரதி இல்லை. அக்கா எழுந்து பெட்டியின் மறுகோடிக்குப் போய், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள். அந்த முடிவுக்காக இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். அந்த மூன்று நாளுக்காக மட்டும் வெட்கப்படுகிறேன். நாலாம் நாள் பல்லாவரம் தாண்டும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன். மாமனாராவது மண்ணாங்கட்டியாவது என்று எழுந்தேன். "தாள் எதுவும் தொலையல. கதையே அவ்வளவுதான். எழுதினது நான்" என்று சொல்லி, மூன்று நாளாகப் பையிலேயே கிடந்த என் முழுப் பிரதியை எடுத்துக் காட்டினேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா? "இவ்ளோ தூரம் படிக்க வெச்சிட்டு நடுத்தெருவுல விடுறது ஏமாத்து வேலை" என்றார் பேங்க் மேடம். "எனக்கு ரெண்டு நாளா அதே நெனப்பு, அதுதான் அழகு" என்றார் டீச்சர். ஆசிரியருக்கு வந்த கடிதங்களும் இதே மாதிரிதான். ஒருவர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினால், இன்னொருவர் எழுதத் தெரியாதவன் என்று திட்டியிருந்தார். கடைசி அத்தியாயம் தராவிட்டால் இனி வாய்ப்பில்லை என்றார் ஆசிரியர். முடியாது என்றேன். அவரும் சொன்னபடியே செய்தார்.

பழி நீங்கிய பிறகும் அக்கா என்னை விடவில்லை. "அவ தொறந்தாளா, இல்லியா?"

"எனக்கே தெரியாதுக்கா."

"எழுதுனவளுக்கே தெரியலன்னா யாருக்கும்மா தெரியும்? என் வூட்டுக்காரன் ஆறு வருசம் கழிச்சு இப்டித்தான் மழையில வந்து நின்னான். தொறந்தேன். அன்னிலேர்ந்து அடி வாங்கினு கீறேன். அதான் கேக்குறேன்."

அந்த முகத்துக்காக ஒரு வரி எழுதித் தந்திருக்கலாம். தரவில்லை. அவளைத் திறக்க வைத்தால், அக்கா வாங்குகிற அடிக்கு நியாயம் சொன்ன மாதிரி. திறக்காமல் விட்டால், நீ திறந்தது உன் தப்பு என்று குத்திக்காட்டின மாதிரி. இதைச் சொல்ல நான் யார்?

அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், தன் ஸ்டேஷனில் இறங்கப்போகும்போது, அதுவரை தன்னிடமே வைத்திருந்த என் நாவலின் நாலாம் பாகத்தை என் மடியில் போட்டார். "நீ எழுத மாட்டே. நானே எழுதிட்டேன், போ" என்றார். அந்த மாதம் வாங்கிய புது நாவலின் கடைசிப் பாகத்தைப் பேங்க் மேடமே அக்காவின் கையில் முதலில் கொடுத்தார்.

போன வாரம் ஒரு பதிப்பகத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். அந்த நாவலைத் திரும்பப் போடுகிறார்களாம். "மேடம், ரீடர்ஸ் கிளைமாக்ஸ் கேப்பாங்க. ஒரே ஒரு பக்கம் சேத்துக் குடுங்க."

"முடியாது தம்பி. இஷ்டம் இருந்தா போடுங்க" என்று போனை வைத்தேன். ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார், அவர் எழுதினது அவருடையது, அதை அச்சுக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்பதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்த ஓரத்தை இன்னொரு முறை படித்தேன்.

'அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். யார் என்றுகூடக் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் உலையில் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டாள். முற்றும்.'

முற்றும் என்பதற்குக் கீழே பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.