கூடுகளைத் திருப்பி அனுப்பிய ஜவ்பர்

ஜவ்பர் மௌத்தான செய்தி கல்முனைக்கு வந்தபோது, அவரை அடக்கி இரண்டு நாளாகியிருந்தது. அவருடைய ஊரான தென்கரைப் பக்கமிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டு சொன்னார். ஜனாஸாவில் நிற்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவரை அறிந்த உங்களோடு இருந்து பேசுவதாக நினைத்து இதை எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் அவர் மீன்பிடிப் பரிசோதகராக இங்கே மாற்றலாகி வந்தார். அதே காரியாலயத்தில் நானும் பரிசோதகர். எங்கள் சுழியோடிகள் மூச்சடக்கி மூழ்கி, சிங்கி இறாலைக் கையால் பிடிப்பவர்கள். ஆழத்து நீரின் அழுத்தத்தில் பலருக்குக் காது கேட்காமல் போயிருந்தது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. தன் ஊர்ப் பக்கமிருந்து ஒரு லொறி நிறைய மூங்கில் கூடுகளை எடுப்பித்தார்.

"எங்கட ஊர்ல இரைக்குத் தானா வந்து கூட்டுக்குள்ள விழும். மனுசன் ஏன் காதக் கெடுத்துக்கொள்ளோணும்?" என்றார்.

அவர் சொல்லைக் கேட்டு எல்லோரும் மூழ்குவதை நிறுத்தினார்கள். மூன்று கிழமை கூடு போட்டோம். நண்டு விழுந்தது, சிங்கி இறால் ஒன்றுகூட விழவில்லை. பல வீடுகளில் ஒரு நேரச் சோறுதான். கடைசியில் மூத்த சுழியோடி உதுமாலெப்பைக் காக்கா வந்தார்.

"சேர், ஒங்கட ஊர்ல இரிக்கிறது மணல்ல இறங்கி மேயிற சாதி. இது வேற. கல்லுப் பொந்த உட்டு வராது. நாமதான் அதுக்கிட்டப் போகோணும்."

ஜவ்பர் தர்க்கம் பண்ணவில்லை. மறுநாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு தோணியில் போனார். நான்காவது முறை மூழ்கி எழுந்தபோது இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தன. தோணி விளிம்பைப் பிடித்தபடி, "காக்கா, நான் எங்கட கடலத்தான் படிச்சீக்கிறன்" என்றார்.

மேலிடம் அதற்குள் இன்னும் இரண்டு லொறிக் கூடுகளுக்குச் சொல்லியிருந்தது. இந்தக் கடலுக்குக் கூடு சரிவராது, மூழ்கும்போது கண்ணுக்கு அணியும் முகக்கண்ணாடி தாருங்கள் என்று அவர் அறிக்கை எழுதினார். அதை என் மேசையில் வைத்தார்.

"மச்சான், நீயும் கண்டதானே?"

"ஓம், கண்டன்."

ஆனால் நான் கையெழுத்து வைக்கவில்லை. மனைவி நிறைமாதம், மாற்றலுக்குப் பயந்தேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு போய்த் தனியாக ஒப்பமிட்டார். கூடுகள் திரும்பிப் போயின. அடுத்த மாதம் அவரும் தூரத்துக்கு மாற்றப்பட்டார்.

போகும் முன் சுழியோடிகளின் வீடு வீடாக ஏறி, "மூணு கிழம ஒங்கள பட்டினி போட்டுட்டன், மாப்புத் தாங்க" என்றார். உதுமாலெப்பைக் காக்கா அவர் கையைப் பிடித்தபடி அழுதார். நான் வாசல் படலையடியில் நின்றேன். நான் கேட்க வேண்டிய மாப்பு என் வாயில் வரவில்லை.

சில வருடங்களின் பின் ஒரு கடிதம் போட்டிருந்தார். "உன் இடத்தில் நானென்றாலும் யோசித்திருப்பேன் மச்சான். பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட நீ எழுதவில்லையே."

பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். சலாத்துக்கு மேல் ஒரு வரி நகரவில்லை. பெண் பிள்ளை, ஜவ்பர். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் கேட்காமலே நீர் தந்த மாப்பு அந்தக் கடிதத்தில் இருக்கிறது, அதை வைத்திருக்கிறேன்.