லொறிக்காரரின் கொப்பி

2011இல், நான் புலம்பெயர்ந்து வந்த மெரிலேண்ட்ஸில், ஒரு தமிழரின் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு. கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், இறந்தவர் நினைவாக அடிக்கிற அந்தியேட்டி மலர் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பாதிப்பேர் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்புவார்கள். அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குக் கீழேயும் ஓர் ஆங்கில எழுத்து ஒளிந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கிலம் கொட்டும். "யூனிகோட்டில அடிச்சு அனுப்புங்கோ. அதில ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே நம்பர், எங்க திறந்தாலும் மாறாது" என்று எல்லாருக்கும் வகுப்பெடுப்பேன். உபதேசம் ஊருக்குத்தான்.

அங்கே புத்தகம் கட்டுகிற பகுதியில் உள் மங்கோலியாவிலிருந்து வந்த ஒருத்தி வேலை செய்தாள். ஊரிலிருந்த அவளுடைய அப்பா முன்பு நிலக்கரி லொறி ஓட்டியவர். வீட்டில் அதிகம் பேசமாட்டாராம். ஒவ்வொரு நாளும் எங்கே நிறுத்தினார், என்ன சாப்பிட்டார், யாரை நினைத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதுவாராம். மேலிருந்து கீழே இறங்குகிற அவர்களுடைய எழுத்தில் எழுதிய அந்தக் கொப்பி அவளிடம் இருந்தது. அதைப் புத்தகமாக்கி மகளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டாள். நான் செய்து தருவதாகச் சொன்னேன்.

முதலில் யூனிகோட்டில்தான் தொடங்கினேன். மங்கோலிய எழுத்துக்குச் சொல்லின் தொடக்கத்தில் ஓர் உருவம், நடுவில் இன்னொன்று, கடைசியில் வேறொன்று. யூனிகோட் எழுத்துக்குத்தான் எண் கொடுக்கும். இடத்துக்கேற்ற உருவத்தைக் கணினி தானாகத் தேர்ந்தெடுக்கவேண்டும். பிழைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துத் திருத்தவேண்டும். எங்கள் கணினி சொல்லுக்குச் சொல் பிழைத்தது. வரிகளும் கிடையாக விழுந்தன. முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன ஐசே, எழுத்தெல்லாம் படுத்துக் கிடக்கு?" என்று சிரித்தார்.

எனக்குப் பொறுமை கிடையாது. அவசரக் கோலம் அள்ளித் தெளி என்று, உருவங்களை நானே வரைந்து, ஒன்றில் அடங்காததால் மூன்று எழுத்துருக்களாக்கினேன். எது எந்த எழுத்துருவில் என்ற ஒழுங்கில்லாமல், எந்த ஆங்கில விசை கைக்கு வந்ததோ அதில் வைத்தேன். சனிக்கிழமைகளில் அவள் கொப்பியோடு பக்கத்துக் கதிரையில் இருப்பாள்; நான் உருவம் பார்த்து அடிக்க, திரையில் வாசிப்பாள், சில இடங்களில் சிரிப்பாள். எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துத்தான் போயிருந்தது.

கடைசிப் பக்கம் முடிந்த கிழமையே அவளுடைய அப்பா இறந்துபோனார். விமான நிலையம் போகிற வழியில் கொப்பியோடு அச்சகத்துக்கு வந்தாள்.

"இதை அப்பாவோடு வைத்து எரிக்கப்போகிறேன். எல்லாம் கணினியில் இருக்கிறதுதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"யெஸ், யெஸ், பத்திரமாக இருக்கிறது" என்றேன்.

அவள் ஊரில் இருந்தபோது முதலாளி கணினிகளை மாற்றினார். "பழசு நாளைக்குப் போகுது. தேவையானதை இண்டைக்கே எடுத்து வையும்" என்றார். எங்கும் திறக்கட்டும் என்று அவளுடைய புத்தகத்தை வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தேன். கவனமாக இருப்பதாக நினைப்பு! வெறும் எழுத்துக் கோப்பில் எது எந்த எழுத்துரு என்ற விபரம் நிற்காது. எழுத்துருக்களையும் நான் எடுத்து வைக்கவில்லை.

அவள் திரும்பி வந்து, தான் பிறந்த நாளின் பக்கத்தை மட்டும் முதலில் அச்சடித்துத் தரச் சொன்னாள். திறந்தேன். ஆங்கில எழுத்துகளின் குப்பை. ஒரு k மூன்று உருவங்களில் எதுவாகவும் இருக்கலாம்; எந்த விசையில் எதை வைத்தேன் என்பதும் எனக்கு நினைவில்லை. வெட்கத்தில் நான் நிறையப் பேசினேன், எழுத்துரு, கோப்பு, கணினி என்று. அவள் முழுவதையும் கேட்டாள்.

"அன்றைக்கு லொறியை நிறுத்திய ஊரின் பெயரை எழுதியிருந்தார்" என்றாள். "அது எனக்கு ஞாபகமில்லை."

பிறகு, "எரிப்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டேன்" என்றாள்.

கேட்டாள்தான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னேன். அந்தக் கொப்பியை வாங்கி ஸ்கேன் பண்ண எனக்கு அரை மணித்தியாலம்கூடப் பிடித்திருக்காது.