கௌசல்யா வீட்டுக்குப் போகாத மாதா

எங்கள் செபக்குழுவில் சாட்சி சொல்லும்படி மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் தொண்டை நோவு என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அதுவும் பொய்தான். ஆகவே அந்தப் பொய்யை ஒத்துக்கொண்டே தொடங்குகிறேன். ஆண்டவர் என் நோயைத் தீர்த்த கதை இதுவல்ல. என் வாயைத் திறக்க வைத்த கதை. இதைக் கேட்டபின் என்னை மதிக்க முடியாவிட்டால் பரவாயில்லை. அவரை நம்பினால் போதும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் தரம் ஆறுக்கு வகுப்பாசிரியை. விழுமியக் கல்வி என் பாடம். உண்மை, பொறுமை, இரக்கம் என்று கிழமைக்கு ஒரு நற்பண்பு எடுத்துப் படிப்பிப்பேன். வகுப்பில் பாதிப் பேர் சைவப் பிள்ளைகள். சமய பாடத்துக்குப் பிரிந்து போனாலும் இந்தப் பாடத்துக்கு எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள்.

செபமாலை மாதமான ஒக்டோபரில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பின்சுவரில் பிள்ளைகளின் பெயர் எழுதிய அட்டை. நல்ல செயல் செய்தால் பெயருக்கு நேரே தங்க நிற நட்சத்திரம் ஒட்டுவேன். வெள்ளிக்கிழமை யாருக்கு நட்சத்திரம் கூடவோ, அவர் வீட்டுக்கு, வகுப்பில் வைத்திருக்கும் சிறிய மாதா சுரூபம் போகும். திங்கட்கிழமை திரும்பி வரும். இது என் சொந்த யோசனை. ஆசிரியர் கருத்தரங்கொன்றில் எழுந்து நின்று விளக்கச் சொன்னார்கள். கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

கடந்த செபமாலை மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை. அந்தக் கிழமையின் நற்பண்பு உண்மை. எண்ணிப் பார்த்தேன். கௌசல்யாவுக்கு ஒன்பது நட்சத்திரம். அடுத்ததாக டிலானிக்கு எட்டு.

டிலானி எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பிள்ளை. வீட்டில் அழகான பீடம் இருக்கிறது. கௌசல்யா சைவப் பிள்ளை. அவளுடைய குடும்பம் முன்னொரு காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து இரணைமடுப் பக்கம் குடியேறிய குடும்பம். தாய் வயல் கூலிக்குப் போகிறவர். தகரக் கூரை வீடு. மாதாவை அங்கே எங்கே வைப்பார்கள்? பங்கில் என்ன கதைப்பார்கள்? யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். இடைவேளையில் எழுந்து போய், கௌசல்யாவின் வரிசையிலிருந்து இரண்டு நட்சத்திரத்தை நகத்தால் உரித்து டிலானியின் வரிசையில் ஒட்டினேன்.

திரும்பினால் கௌசல்யா வாசலில் நிற்கிறாள். கையில் கரும்பலகை துடைக்கும் துணி. நான் அவளைப் பார்த்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள். துணியை என் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அன்று மாதா டிலானி வீட்டுக்குப் போனா.

திங்கட்கிழமை கௌசல்யா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றினேன். புதன்கிழமை, அவளுடைய ஒழுங்கையிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தியிடம் விசாரித்தேன்.

"அவள் பொய் சொன்னவளாம் டீச்சர். மாதா வாறா எண்டு எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டாள். தாய் வீடெல்லாம் மெழுகி, பக்கத்து வீட்டு ஆக்களையும் கூப்பிட்டு வைச்சிருந்தவா. ஒண்டும் வரேல்லை. எல்லாரும் சிரிச்சவையாம். தாய் அவளுக்கு நல்ல அடி."

வியாழக்கிழமையே நட்சத்திரங்களை எண்ணி, தனக்குத்தான் என்று நம்பித் தாயிடம் சொல்லியிருக்கிறாள். அது பொய்யே அல்ல. டீச்சர் மாற்றினவா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அடியிலிருந்து தப்பியிருப்பாள். அவள் சொல்லவில்லை. டீச்சரைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்றே நவநாள் தொடங்கினேன். என்ன செபம் தெரியுமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "மாதாவே, அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. ஆனால் நான் செய்தது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்." ஒன்பது நாளும் இதே செபம்தான். கண்ணீரோடுதான் செபித்தேன். கண்ணீர் வந்ததால் அது நல்ல செபம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை, எங்கள் அதிபரான அருட்சகோதரி ஒரு படிவத்தோடு வகுப்புக்கு வந்தார்.

"டீச்சர், கௌசல்யாவின்ரை தாய் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தவா. பொய் சொல்லிப் பேர் கெட்ட பிள்ளையை இனிப் பள்ளிக்கூடம் விடமாட்டாவாம், மலைநாட்டிலை பெரியம்மா வீட்டுக்கு அனுப்பப் போறாவாம். அங்கை ஒரு கைக்குழந்தை இருக்காம், பாக்க ஆள் தேவையாம். நாளைக்கு வந்து எடுப்பா. நடத்தை எண்ட இடத்தை மட்டும் நீங்கள் நிரப்பித் தாங்கோ."

பேனையை எடுத்தேன். நடத்தை. அந்தப் பிள்ளையின் நடத்தையை நான் எழுத வேண்டும்! பெரியம்மா வீட்டுக்குப் போகிற பிள்ளை இனிப் புத்தகம் தொடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுடைய படிப்பு அதோடு முடிந்தது.

படிவத்தை மேசையில் போட்டுவிட்டுச் சிற்றாலயத்துக்கு ஓடினேன். முழங்காலில் இருக்கவும் தோன்றவில்லை. நின்றபடியே சொன்னேன். "ஆண்டவரே, நான் சொல்லுறன். எல்லாத்தையும் சொல்லுறன். எனக்குத் தைரியம் இல்லை. நீர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும்."

வெளியே நல்ல மழை. மழை விட்டபிறகு போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மனம் உடனே ஒரு சாட்டுத் தேடியது. பத்து நிமிடத்தில் மழை விட்டது. உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. என் செபம் இவ்வளவு விரைவாகக் கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதிபரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "முதல் அங்கை போங்கோ. பிறகு கதைப்பம்" என்றார்.

சேற்றில் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டுதான் போனேன். கௌசல்யாவின் அம்மா வாசலுக்கு வந்தார். வன்னியிலே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனாலும் பேச்சில் மலைநாடு அப்படியே இருந்தது.

"வாங்க டீச்சர். கதிரையில ஒக்காருங்க. புள்ள பொய் சொல்லி ஒங்களுக்கும் கரைச்சல் குடுத்திருச்சு."

உள்ளே ஒரு சிறிய மேசை. வெள்ளைத் துணி விரித்திருந்தது. ஒரு பக்கம் பிள்ளையார் படம், மறுபக்கம் முருகன் படம். நடுவில் வெறும் இடம். இரண்டு கிழமையாகியும் அந்த இடத்தை அவர்கள் மூடவில்லை.

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "அவள் பொய் சொல்லேல்லை. மாதா இஞ்சைதான் வந்திருக்க வேணும். நான்தான் அவளின்ரை நட்சத்திரத்தை உரிச்சு மற்றப் பிள்ளைக்கு ஒட்டினனான். உங்கடை வீடு எண்டதாலை செய்தனான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்து நின்றேன். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. குசினி வாசலில் நின்ற மகளிடம் போனார். அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார்.

"அம்மா ஒன்ன தப்பா அடிச்சிட்டேன் புள்ள. அம்மாவ மன்னிச்சிரு."

அவ்வளவுதான். நற்பண்பு படிப்பிக்கிற எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. அவருக்கு ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை. கௌசல்யா தாயின் தோளில் முகத்தை வைத்து விம்மினாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நாளைக்கே மாதாவைக் கொண்டு வருகிறேன் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"வேணாம் டீச்சர். இப்ப வந்தா, ஒங்க வெக்கத்துக்கு வந்த மாதிரி இருக்கும். அவளுக்கு முறை வரட்டும், அப்ப வரட்டும். நீங்க வகுப்புல சொல்லுங்க. அங்கதான் இவளப் பொய்க்காரின்னு சொல்றாங்க. நீங்க சொன்னா அனுப்புறேன்."

திங்கட்கிழமை சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். அன்று கௌசல்யா வந்து தன் இடத்தில் இருந்தாள். அதிபரும் வந்து பின்னால் நின்றார். பிள்ளைகளுக்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கௌசல்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போது டிலானி எழுந்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர். நானும் எண்ணினனான். எனக்கு எட்டுத்தான் இருந்தது. நீங்கள் செய்தால் சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்."

பிரியமானவர்களே, பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் அப்படிக் கூனிக் குறுகியதில்லை. ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். மற்றப் பிள்ளைக்கு அநியாயத்தைச் சரியென்று படிப்பித்திருக்கிறேன்.

அட்டையை அன்றே கழற்றிவிட்டேன். இப்போது மாதா, வரவு இடாப்பில் உள்ள பெயர் வரிசைப்படி போகிறா. எந்த வீட்டார் விரும்பினாலும் அந்த வீட்டுக்குப் போகிறா. கௌசல்யாவின் முறையும் வந்தது. அன்று அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

அவள் நன்றாகப் படிக்கிறாள். அந்த விடுகைப் பத்திரம் நிரப்பப்படாமலே போயிற்று. அதற்காக நாள்தோறும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். என்னிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கிறாள், அதையும் மறைக்கவில்லை. விழுமியப் பாடத்தில் மட்டும் கை உயர்த்துவாள். நான் எதைச் சொல்லி முடித்தாலும் ஒரே கேள்விதான்.

"டீச்சர், நீங்களும் அப்பிடிச் செய்வீங்களோ?"

சில நாள் "ஓம்" என்கிறேன். சில நாள் "இன்னும் இல்லைப் பிள்ளை, எனக்காகச் செபி" என்கிறேன். அவள் எந்தச் சாமியிடம் செபிக்கிறாளோ எனக்குத் தெரியாது. ஆனால் செபிக்கிறாள். கேட்டால், "ஓம் டீச்சர், நேற்றும் செபிச்சனான்" என்கிறாள்.

உங்களில் யாராவது, என்னைப்போல் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு நவநாள் செய்துகொண்டிருந்தால், ஒன்பதாம் நாள்வரை காத்திருக்காதீர்கள். நல்லவராகிப் பிறகு வருவோம் என்றும் நினைக்காதீர்கள். வெட்கத்தோடே போங்கள். என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார்.