மஞ்சள் மோரில் இறங்கிய செம்பு

மைசூர் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. மார்பகப் புற்றுக்கு அறுவை முடிந்து கீமோ (புற்றணுக்களைக் கொல்ல நரம்புவழி ஏற்றும் மருந்து) நடந்த நாட்கள். பாட்டிலில் என் பெயர்தான் இருக்கிறதா என்று நர்ஸை ஒவ்வொரு முறையும் கேட்பேன். நீங்களும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

வாயில் எந்நேரமும் காசைச் சப்பிய ருசி. கீமோ என்றால் அப்படித்தான் என்றார்கள். குமட்டலுக்கும் அதே பதில்.

பிறகு ஒரு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பழுதானால் ரத்தத்தில் கூடுபவை) எகிறியிருந்தன. டாக்டரம்மா கீமோவை நிறுத்திவிட்டு, புற்று கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. அப்போதும் டாக்டரம்மா முகம் தெளியவில்லை.

"நாட்டு மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. நீங்க மருந்த மாத்திக் குடுத்தீங்களான்னு பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். என் கணவரும் நாலு வார்த்தை கேட்பார் என்று திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் மார்டள்ளியில் எங்களுக்கு மஞ்சள் விவசாயம். மஞ்சளிலுள்ள பொருளைச் செம்போடு சேர்த்தால் புற்றணு சாகிறது என்று யாரோ என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். புளித்த மோரைச் செம்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்பது தெரிந்தவர்தான். வைத்தால் செம்பு இறங்கும் என்பதற்காகவே எங்கள் மஞ்சளைக் கலந்த மோரை அதில் ஊறவைத்திருக்கிறார். காலையில் டம்ளரில் ஊற்றித் தருவார். மஞ்சள் மோர்தானே என்று நானும் தினமும் குடித்தேன்.

"நம்ம காட்டுல வெளஞ்ச மஞ்சளுதானுங்களேன்னு குடுத்தனுங்க" என்றார் டாக்டரிடம். "சொன்னா குடிக்கமாட்டாளுங்க. எல்லாத்தையும் சந்தேகப்படுவா."

உலோகக் கூட்டுப்பொருள்கள் (தாவரப் பொருளை உலோகத்தோடு பிணைத்துச் செய்பவை) பற்றிய ஆராய்ச்சி நிஜம்தானாம்.

"ஆனா அது லேப்ல, அளந்து, தட்டுல வளர்க்கிற செல் மேல பண்றது" என்றார் டாக்டர். "நீங்க கொடுத்தது வெறும் செம்பு, ஐயா."

மோர் நின்றது, கல்லீரல் தேறியது, தாமதமாகக் கீமோவும் முடிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. நான் பிழைக்க வேண்டுமென்று என்னைவிட அவர்தான் தவித்தார், அதுவும் தெரியும். என் உடம்பு ஆளாளுக்கு வந்து புழங்கிப்போன வீடு மாதிரி இருக்கிறது. வருஷக் கணக்கு, மாதக் கணக்கு எல்லாம் போய், அடுத்த பரிசோதனைவரைதான் எனக்கு நாட்கள்.

இப்போது எதைத் தந்தாலும் முதலில் அவர் ஒரு வாய் குடித்துக் காட்டுகிறார். அப்படிக் குடித்துக் காட்ட வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.